மாமாவின் காதில் ஏறிய குணுக்கு

மாமனார் பேசாத வீட்டில் மருமகனுக்குச் சாப்பாடு பிரமாதமாகக் கிடைக்கும். அனுபவித்தவன் சொல்கிறேன், நம்பலாம். அவர் பேசாத குறையை மாமியார் மீனால் அடைப்பார். நெய்மீன் வறுவல், இறால் தொக்கு, மரச்சீனிக் கிழங்கு மசித்தது, போதும் போதும் என்று கையை விரித்து மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாக விழுகிற இன்னொரு துண்டு. கல்யாணமான இரண்டு வருடத்தில் என் சட்டைகள் எல்லாம் வயிற்றில் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தன. அலுவலகத்தில் எல்லோரும் "மாமியார் வீட்டில் உனக்கு நல்ல செல்வாக்கு போல" என்றார்கள். செல்வாக்காவது மண்ணாவது.

என் மாமனார் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வள்ளம் கரை சேர்ந்ததும் கூடைகளைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். இவர் நடுவில் நின்று விலையைக் கூவுவார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தக் குரல் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். ஊருக்கே கேட்கிற குரல் எனக்கு மட்டும் கேட்காது. காரணம், நான் அவருடைய மகள் ஜெனியைக் காதலித்துக் கட்டியவன். கிறிஸ்தவத்திலேயே சபை வேறு, ஊர் வேறு (எனக்கு வடசேரி), அவர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளையும் வேறு. கல்யாணத்துக்கு வந்தார். ஃபோட்டோவுக்கு நின்றார். நான் ஊட்டிய கேக்கைக்கூட வாயில் வாங்கிக்கொண்டார். பேச்சு மட்டும் கிடையாது.

பேச்சு கிடையாது என்றால் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "ஏட்டி ஜெனி, அவரு சாப்பிட்டாராண்ணு கேளு" என்பார். ஜெனி வந்து என்னிடம், "சாப்பிட்டியளா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, "ஆச்சாம்ப்பா" என்பாள். எங்கள் இருவரின் முழங்காலும் இடித்துக்கொள்கிற தூரத்தில் இத்தனையும் நடக்கும்.

ஆரம்பத்தில் நானும் விடாமல் நேராகவே பேசிப் பார்த்தேன். "மாமா, இன்னைக்கு மீன்பாடு எப்பிடி?" என்பேன். அவர் என்னைத் தாண்டி ஜெனியைக் கூப்பிட்டு, "பாடு கொறவுண்ணு அவரிட்ட சொல்லு" என்பார். எத்தனை நாள் சுவரில் பந்தை அடிப்பது? கொஞ்ச நாளில் நானும் அந்த வழிக்கே வந்துவிட்டேன். "மாமாட்ட சொல்லு, நான் கிளம்புதேன்." பழகிப்போனால் அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. முகம் பார்க்க வேண்டாம், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எனக்கு அது ரொம்பவே பழகிப்போனது. அங்கேதான் என் தலையில் இடி இறங்கத் தயாராக இருந்தது, அப்போது தெரியவில்லை.

சுகமெல்லாம் எங்கள் இருவருக்கும்தான். ஜெனிக்கு அப்போது ஆறாவது மாதம். ஒரு நாள் வடசேரி வீட்டில் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"இஞ்ச பாருங்க. பேறுக்கு நான் அங்க போயிக் கிடப்பேன். நீங்க வருவிய, போவிய. வலி எடுத்துக் கிடக்கும்போதும் நான்தான் நடுவுல நிண்ணு ரெண்டு பேருக்கும் சொல்லணுமா?"

"நான் என்னட்டி செய்ய? பேசாதது உங்கப்பா."

"யாரு பேசாததுண்ணு நான் கேக்கல்ல. பிள்ள பொறக்கதுக்குள்ள எங்கப்பா உங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசணும். ஏசினாலும் செரி. இந்தக் கூத்தப் பாத்துட்டு எம்பிள்ள வளரப்படாது." சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். (சபதம் எடுக்கிறவர்களை நான் இப்போதெல்லாம் கிட்டேயே சேர்ப்பதில்லை.)

வாய்ப்பு இருபத்தெட்டு ரூபத்தில் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம்தான். ஜெனியின் தம்பி ஜெரின் கத்தாரில், தோகாவில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வெள்ளிதான் விடுமுறை. மாமாவின் தங்கை பிலோ அத்தை குளச்சலில் இருக்கிறார். ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி எல்லோரும் ஃபோனில் ஒரு சீட்டாட்ட ஆப்பைத் திறந்துகொள்வார்கள். பக்கத்தில் இன்னொரு ஃபோனில் வீடியோ கால் ஓடும், ஏசிக்கொள்வதற்கு. அத்தையும் ஜெரினும் ஒரு கட்சி. மாமாவும் அவருடைய தம்பியும் ஒரு கட்சி. அந்தத் தம்பிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, ஃபோன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குக் கூட்டாளி இல்லை.

"அவருக்கு இருபத்தெட்டு தெரியுமாண்ணு கேளு" என்று கேள்வி வந்தது. ஜெனி என்னிடம் கேட்கும்போதே அவள் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் 'தெரியாது' என்பது?

"தெரியும்ணு சொல்லு" என்றேன். எனக்குக் கழுதை ஆட்டம்கூடச் சரியாகத் தெரியாது.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், இரண்டு கட்சி. சீட்டுக் கட்டில் மொத்தம் இருபத்தெட்டு புள்ளி. இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதற்கு அடுத்தது ஒன்பது, பிறகு எக்கா என்கிற ஏஸ், பத்து. (ராஜாவும் ராணியும் சும்மா அழகுக்கு.) முதலில் கைக்கு நான்கு சீட்டு வரும். அந்த நான்கை மட்டும் பார்த்துவிட்டு, எங்கள் கட்சி இத்தனை புள்ளி பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். இதற்கு விளி என்று பெயர். அதிகம் விளித்தவர்தான் மற்ற இனங்களை வெட்டுகிற துருப்பு எந்த இனம் என்று முடிவு செய்வார். பிறகு மீதி நான்கு சீட்டும் வரும், ஆட்டம் நடக்கும். விளித்ததைப் பிடிக்காவிட்டால் அவரோடு கூட்டாளியும் சேர்ந்து முங்க வேண்டியதுதான். பயமாக இருந்தால் பாஸ் சொல்லி ஒதுங்கலாம். ஆனால் ஒதுங்கிக்கொண்டே இருந்தால் எதிர்க் கட்சி வாரிக்கொண்டு போய்விடும். எப்போது ஏறி அடிப்பது, எப்போது அடங்கி இருப்பது, இவ்வளவுதான் ஆட்டம். எனக்கு இது இரண்டும் வரும். நேரம் மட்டும் மாறி வரும்.

பயிற்சியை அன்றைக்கே தொடங்கினேன். அந்த ஆப்பில் கணினியோடு ஆட ஒரு வசதி உண்டு. கணினியே மூன்று பேராக வந்து உட்காரும். மூன்று பேருக்கும் மீசை வைத்த பொம்மை முகம். பார்த்தால் முரடர்களாகத் தெரிந்தாலும் சுத்தக் கோழைகள். நான் பதினெட்டு என்று விளித்தால் போதும், மூன்று மீசையும் வரிசையாகப் பாஸ் சொல்லும். இருபது என்று விளித்தால் நடுக்கத்தில் தப்புத் தப்பாகச் சீட்டைப் போடும். பேருந்தில் ஆடினேன், குளியலறையில் ஆடினேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆடினேன். எங்கும் வெற்றி. திரையில் பொன்னிறத் தூள் கொட்டியது. 'மாவீரன்' என்று பட்டம் வேறு கொடுத்தது.

இத்தனைக்கும் நான் வண்டி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். மனிதர்களுக்கு அபாயத்தைப் பற்றி எடுத்துச் சொல்லித்தான் சம்பளமே வாங்குகிறேன். ஹெல்மெட் போடாதவர்களை உட்காரவைத்து உபதேசம் செய்கிற நான், பொம்மை மீசைகளை ஜெயித்த தைரியத்தில், இருபத்தெட்டில் பயமே கூடாது, ஏறி ஏறி அடிக்க வேண்டும் என்று சித்தாந்தம் வகுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெனியோடு போய்ச் சேர்ந்தேன். வாசலில் நட்சத்திரம் எரிந்தது, உள்ளே முந்திரிக்கொத்து வாசனை. வீடியோ காலில் பிலோ அத்தை உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு என்னை எடை போட்டார்.

"மாப்பிள்ள, ஒரே வீட்டுல கூட்டாளிகள் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கப்படாது, கேட்டியளா. அண்ணன் ஹால்ல இருக்கட்டு. நீங்க அடுக்களைக்குப் போங்க. இடையில ஜெனி தூது போகவும் படாது."

கவனியுங்கள். எனக்கும் மாமாவுக்கும் இடையே இருந்த ஒரே பாலத்தையும் அத்தை இடித்துவிட்டார். நான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அடுக்களையில், மாமி மீன் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"தோத்தவியளுக்குக் குணுக்கு உண்டுண்ணு சொன்னியளா?" என்று தோகாவிலிருந்து ஜெரின் கேட்டான்.

குணுக்கு என்பது காதில் தொங்கவிடுகிற வளையம். இந்தப் பக்கத்தில் இருபத்தெட்டு ஆடித் தோற்றால் ஆண்பிள்ளையாக இருந்தாலும் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மறுபடி ஒரு ஆட்டம் ஜெயித்த பிறகுதான் கழற்றலாம். ஓலையில் செய்து மாட்டுவார்கள் என்று கேள்வி. இந்த வீட்டில் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப். ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது. தோற்றவர்களுக்கும் அது இரண்டு பூவைத் தூவிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். அதனால் கிளிப்பை வீடியோ காலில் காட்ட வேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். அத்தை மாட்டியிருக்கிறார், ஜெரின் பலமுறை மாட்டியிருக்கிறான். மாமாவின் காதில் மட்டும் குணுக்கு ஏறியதே இல்லையாம். இதை எனக்குச் சொல்லும்போது மாமியின் குரலில் அவ்வளவு பெருமை.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கட்சிக்கும் ஆறு நட்சத்திரம். எல்லாம் போனால் குணுக்கு. இரண்டாவது கையில் மாமா பதினாறு விளித்தார். அத்தை பாஸ். என் முறை. என் கையில் டைமன் ஜாக்கி, டைமன் ஒன்பது, கூட இரண்டு உதவாத சீட்டு. பொம்மை மீசைகளை இதைவிட மோசமான கையில் நான் ஓட விட்டிருக்கிறேன். இருபதை அழுத்தினேன்.

'உங்கள் கூட்டாளி ஏற்கெனவே விளித்திருக்கிறார். உறுதிதானா?' என்று ஆப் கேட்டது. இயந்திரத்துக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. உறுதி என்றேன்.

வீடியோ காலில் ஜெரின், "யம்மா" என்றான். அத்தை முந்திரிக்கொத்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கூட்டாளியின் விளிக்கு மேல் ஏறி விளிப்பது என்றால், நடுவழியில் அவர் கையிலிருந்து வள்ளத்தின் துடுப்பைப் பிடுங்குவது மாதிரி. அப்படிப் பிடுங்கினால் கரை சேர்த்துக் காட்ட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பாதிதான். சீட்டெல்லாம் திறந்த பிறகு பார்த்தால் மாமாவின் கையில் கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும் எக்காவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருபதோ அதற்கு மேலோ விளித்துத் தோற்றால் ஆப் இரட்டிப்பாகப் பிடுங்கும். பிடுங்கியது.

அப்போதாவது நான் அடங்கியிருக்க வேண்டும். போனதை ஒரே அடியில் மீட்டுவிடலாம் என்று அடுத்த கையிலும் இருபது. அதற்கு அடுத்த கையில் அத்தை வேண்டுமென்றே பத்தொன்பது விளித்தார், நான் ஏறுவேன் என்று தெரிந்தே. ஏறினேன். ஆறு நட்சத்திரமும் போயிற்று. பொன்னிறத் தூள் அத்தை பக்கம் கொட்டியது.

"அண்ணா, குணுக்கு" என்றார் பிலோ அத்தை.

மாமி கொடியிலிருந்து கிளிப்புகளை எடுத்து வந்தார். எனக்குப் பச்சை இரண்டு. மாமாவுக்கு ரோஸ் இரண்டு. அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல், கிளிப்பை வாங்கி, தானே ஒவ்வொரு காதாக மாட்டிக்கொண்டு ஃபோன் கேமராவுக்கு நேராக முகத்தைக் காட்டினார். அந்த நிமிடம் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தரைக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

தரை பிளக்கவில்லை. கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள்.

டிரம், கிதார், சிவப்பு உடுப்பில் கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் பங்குச் சாமியார். மாமா பங்குப் பேரவையில் இருக்கிறவர். எழுந்து போய் வரவேற்காமல் இருக்க முடியாது. கிளிப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் கழற்றவில்லை. ஆட்டத்தின் சட்டம் சட்டம்தான். இரண்டு காதிலும் ரோஸ் கிளிப்போடு நேராக நிமிர்ந்து வாசலுக்குப் போய்க் கைகூப்பினார். பாட்டு பாதியில் அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. முகமூடி போட்ட தாத்தா குலுங்கிய குலுங்கலில் வயிற்றில் கட்டியிருந்த தலையணை கீழே இறங்கியது.

"என்ன, காதுல ஏதாவது வேதனையா?" என்று சாமியார் கவலையோடு கேட்டார்.

"இல்ல ஃபாதர். ஆட்டத்துல தோத்தேன்."

என்னால் தோற்றேன் என்று சொல்லவில்லை. கைகூட என் பக்கம் காட்டவில்லை. சாமியார் செபம் சொல்லி முடிக்கும் வரை கண்ணை மூடி நின்றார். பச்சை கிளிப்போடு நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, அந்தச் செபத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் ஜெனி அடுக்களைக்குள் வந்தாள். கையில் தோசைத் திருப்பி. "நீங்க என்னத்துக்கு அப்பிடி விளிச்சிய? எங்கப்பா தலைக்கு மேல ஏறியா?"

"ஜெயிக்கணும்ணு..."

"நீங்க ஒண்ணும் ஜெயிக்காண்டாம். இனி வாயத் தெறக்காதீங்க. பாஸ். எது வந்தாலும் பாஸ். அப்பா பாத்துக்கிடுவாவ."

அடுத்த ஆட்டத்தில் அப்படியே செய்தேன். பாஸ். பாஸ். பாஸ். என் கட்டை விரலுக்கு அந்த ஒரு பொத்தான்தான் தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. மாமா ஏலக்காரர் அல்லவா? எத்தனை வரை போகலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது அவர் இரத்தத்தில் ஊறியது. பதினைந்து விளித்துப் பதினாறு பிடித்தார். அத்தையைப் பத்தொன்பது வரை ஏற்றிவிட்டுச் சட்டென்று பாஸ் சொல்லி முங்க வைத்தார். ஜெரினின் முகம் சுருங்கியது. இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு நட்சத்திரம் மிச்சம் என்ற நிலை வந்தபோது, ஹாலில் இருந்து குரல் கேட்டது.

"ஏட்டி ஜெனி, இப்பதான் ஆட்டம் ஆட்டமா இருக்குண்ணு அவரிட்ட சொல்லு."

"அண்ணா, பேச்சு படாது" என்றார் அத்தை.

நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பாராட்டியிருக்கிறார். ஜெனி வழியாகத்தான். என்றாலும் பாராட்டு. இந்த ஒரு கை ஜெயித்தால் கிளிப் கழன்றுவிடும்; கிளிப் கழன்ற சந்தோஷத்தில் ஒரு வார்த்தை வந்தாலும் வந்துவிடும். ஜெனி கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமி அடுப்பை அணைத்துவிட்டார்.

கடைசிக் கை. அத்தை முதலில் விளிக்க வேண்டிய முறை. வேறு வழியில்லாமல் கட்டாயத்துக்குப் பதினான்கு என்றார். அடுத்தது நான். சீட்டைத் திறந்தேன்.

ஸ்பேடு ஜாக்கி. ஸ்பேடு ஒன்பது. ஸ்பேடு எக்கா. ஸ்பேடு பத்து.

இருபத்தெட்டு ஆடுகிறவர்கள் இந்த நான்கையும் சேர்த்துக் கையில் பார்க்காமலே ஆயுளை முடித்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு விளிக்க வேண்டிய கை. இருபது என்றாலும் நிற்கும். என் கட்டை விரல் திரைக்கு மேலே நின்றது. இருபது என்ற எண்ணைப் பார்த்ததும் ரோஸ் கிளிப்பும் சாமியாரும் கண் முன்னால் வந்தார்கள். பதினைந்து சொல்லலாமா? பதினைந்தும் விளிதானே? எது வந்தாலும் பாஸ் என்றாளே. நேரம் முடியப்போகிறது என்று ஆப் சிவப்பாகத் துடித்தது.

பாஸ் சொன்னேன்.

ஜெரின் பாஸ். மாமாவுக்கு முதலில் வந்தது வெறும் சீட்டு, அவரும் பாஸ். அத்தை கிளாவரைத் துருப்பாக வைத்தார். நான் என் ஸ்பேடு ஜாக்கியை இறக்கினேன். ஜெரினிடம் ஸ்பேடே இல்லை, துருப்பால் வெட்டினான். பிறகு ஒன்பதை இறக்கினேன், அதையும் வெட்டினான். அத்தை அந்தக் கட்டாயப் பதினான்கைத் தாராளமாகவே பிடித்தார். எங்கள் கடைசி நட்சத்திரமும் அணைந்தது.

அந்த ஆப்பில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கை முடிந்ததும் யாரிடம் என்னென்ன சீட்டு இருந்தது என்று எல்லாவற்றையும் விரித்து எல்லோருக்கும் காட்டும். என் பெயருக்குக் கீழே ஜாக்கி, ஒன்பது, எக்கா, பத்து. மாமாவின் பெயருக்குக் கீழே ஸ்பேடு ராஜா, ராணி, எட்டு. இனம் மொத்தமும் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, ஒரே ஒரு ஏழாம் சீட்டைத் தவிர. நான் வாயைத் திறந்திருந்தால் அத்தைக்குக் கும்பிடு போடுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

ஹாலில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. காலடி அடுக்களையை நோக்கி வந்தது. மாமா என் எதிரே வந்து நின்றார். காதில் ரோஸ் கிளிப்புகள், கையில் ஃபோன். என் கண்ணுக்குள் பார்த்தார்.

"ஏன்டே, இந்தச் சீட்ட கையில வச்சிட்டா பாஸ் சொன்ன?"

டே. என்னை. நேராக. அந்தக் குரலில் கோபத்தைவிடத் தாங்க முடியாத ஆற்றாமைதான் இருந்தது. சொந்தப் பையனிடம்தான் ஒருவர் அப்படிக் கேட்பார். மாமி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனியின் கண்ணில் பொல பொலவென்று தண்ணீர். இரண்டு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை அடுக்களை நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது.

நான் என்ன சொல்லியிருந்தாலும் போதும். பயந்துட்டேன் மாமா என்றிருக்கலாம். புத்தி கெட்டுப்போச்சு மாமா என்றிருக்கலாம். ஒன்றும் வராவிட்டால் வெறுமனே மாமா என்றாவது சொல்லியிருக்கலாம். அவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார். நான் மெல்லத் தலையைத் திருப்பினேன். ஜெனியைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"மாமாட்ட சொல்லு, நீதான் பாஸ் சொல்லச் சொன்னேண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ஜெனி கண்ணீரோடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்கம் என்னைத் தின்றது போதாது என்று பழியையும் வயிற்றுப் பிள்ளைக்காரி மேல் போட்டிருக்கிறேன்.

மாமா கையை உயர்த்தி ஒரு கிளிப்பைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். சாமியாருக்காகக்கூடக் கழற்றாதவர். இரண்டையும் தொட்டிக் கரையில் வைத்துவிட்டு, என்னை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏட்டி, சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லி அவரிட்ட சொல்லு."

அன்று மாமி வைத்த நெய்மீனை நான் தொடவில்லை.

இரவெல்லாம் வடசேரி வீட்டில் உருண்டு புரண்டுவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரைக்கு ஓடினேன். நாலு பேர் முன்னால், நேருக்கு நேராக, பயந்துட்டேன் மாமா என்று சொல்லிவிடுவது என்று முடிவு. அவர் கூட்டத்தின் நடுவில் நின்று விலை கூவிக்கொண்டிருந்தார். கிட்டே போக முடியவில்லை. என்னைப் பார்க்கட்டும் என்று கையை உயர்த்திக் காட்டினேன். பார்த்தார். கூவுவதை நிறுத்தினார். பக்கத்தில் நின்றவரிடம், "கூடை அவருக்குத்தாண்ணு சொல்லு" என்றார். ஏலத்தில் கை உயர்த்தினால் என்ன அர்த்தம் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஒரு முழுக் கூடை சாளை மீனோடு வடசேரி பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் என்னைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். விளிக்க வேண்டிய இடத்தில் பாஸ், வாயை மூட வேண்டிய இடத்தில் விளி. என் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

மாதங்கள் ஓடின. பெண் குழந்தை. மாமா பேத்தியைக் கீழே விடுவதில்லை. தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை முழுவதும் நடக்கிறார், அவளிடம் ஓயாமல் பேசுகிறார். என்னிடம் இன்று வரை இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவர் தம்பி குணமாகித் திரும்பிவிட்டார். நான் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

குழந்தை 'அம்மா', 'தாத்தா' எல்லாம் தனித்தனியாகச் சொல்லிப் பழகிய பிறகு, ஒரு நாள் எல்லோரும் ஹாலில் இருந்தபோது முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். என் கையில் மட்டிப்பழம் இருந்தது. என் மடிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி ஜெனியிடம், "அவரிட்ட சொல்லு, பழம் தா" என்றாள்.

ஜெனி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

பிலோ அத்தை இந்தக் கதையை ஞானஸ்நானம், திருமணம், புதுவீடு என்று ஒரு விசேஷம் விடாமல் குழந்தையின் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். மாமா சிரிக்கிறாரா என்பதை ஜெனியிடம்தான் கேட்க வேண்டும்.